அக்கா வீட்டு விமான டிக்கெட்டும் 84,000 ரூபாய் கார்டு பாக்கியும்

கேள்வி: மேடவாக்கத்தில் இருக்கிறேன். வயது 34, கைக்கு வரும் சம்பளம் 68,000 ரூபாய். அக்கா குடும்பம் டெல்லியில். மாமா மத்திய அரசு ஊழியர். விடுமுறைக்கு அவர்கள் இங்கே வந்தாலும், அப்பா அம்மா அங்கே போனாலும் டிக்கெட் போடுவது என் கிரெடிட் கார்டில்தான். "நீ போட்டுடு, அப்புறம் கணக்குப் பார்த்துக்கலாம்" என்பார் மாமா. சென்ற மே மாதத்துக்கு நாலு பேருக்கும் போக வர 52,000 ரூபாய்க்கு ஜனவரியிலேயே போட்டேன். மாமாவின் லீவு ஒரு வாரம் தள்ளிப்போனதால் எல்லாருக்கும் தேதி மாற்றினேன். அதற்கு 35,000 ஆனது. டிக்கெட் பணம் 52,000 வந்தது, மாற்றிய பணத்தைக் கேட்கக் கூச்சம். அக்டோபரில் அப்பா அம்மா டிராஃபிக்கில் மாட்டி விமானத்தைத் தவறவிட்டார்கள். அன்றே 23,000 கொடுத்துப் புது டிக்கெட் எடுத்தேன். கார்டு பாக்கி இப்போது 84,000. மாதம் 4,200 மினிமம் கட்டுகிறேன். இனி ஒவ்வொரு டிக்கெட்டுக்கும், ரத்து செய்தால் பணத்தைத் திருப்பித் தரும் 'ஜீரோ கேன்சலேஷன்' வசதியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாமா? பாக்கியை வங்கி சொல்வதுபோல இ.எம்.ஐ. ஆக்கலாமா? 1,20,000 ரூபாய் எஃப்.டி. ஒன்று 7 சதவீதத்தில் இருக்கிறது. அதைத் தொட மனமில்லை.

பதில்: உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பதில் கீழே வருகிறது. ஆனால் பணம் போனது நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. தேதி இன்னொருவர் கையில், கார்டு உங்கள் கையில் என்ற ஏற்பாட்டில்தான் போயிருக்கிறது.

மே மாதக் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். நாலு பேர், போக ஒன்று, வர ஒன்று, ஆக எட்டு டிக்கெட். தேதி மாற்றும் கட்டணம் ஆளுக்கு ஒரு வழிக்கு இவ்வளவு என்றுதான் வாங்குவார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவை என்று யாரும் வாங்குவதில்லை. ஒன்றுக்கு 3,000 வைத்தால் எட்டுக்கு 24,000. மீதி 11,000 புதுத் தேதியில் கட்டணம் கூடியதற்கான வித்தியாசம். இரண்டும் சேர்ந்துதான் 35,000.

இப்போது ஜனவரியில் டிக்கெட்டே போடாமல், மாமாவின் லீவு உறுதியான பிறகு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த 11,000 மட்டும் கூடுதலாகக் கொடுத்திருப்பீர்கள். விலை ஏறிவிடுமே என்ற பயத்தில் முந்திக்கொண்டீர்கள். ஏறிய விலையையும் கொடுத்து, அதன்மேல் 24,000 அபராதமும் கொடுத்தீர்கள். தேதியை மாற்றினால் பழைய மலிவு விலை கூடவே வராது. அன்றைக்கு அந்த விமானத்தில் என்ன விலையோ அதைத்தான் கேட்பார்கள். தேதி நிச்சயமில்லாதவர்களுக்கு முன்பதிவில் லாபம் இல்லை.

ஜீரோ கேன்சலேஷன் வாங்கியிருந்தால்? ஒரு டிக்கெட்டுக்கு 450 ரூபாய் என்று வைத்தால் எட்டுக்கு 3,600. அதோடு புது டிக்கெட்டின் கூடுதல் விலை 11,000, திரும்பி வராத கன்வீனியன்ஸ் ஃபீ (டிக்கெட் தளம் வாங்கும் சேவைக் கட்டணம்), எல்லாம் சேர்ந்து 15,000க்கு மேல். கொடுத்த 35,000ஐ விட இது குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காத்திருந்தால் ஆகும் 11,000ஐ விட இது அதிகம். அதிலும் நிபந்தனைகள் உண்டு. பெரும்பாலும் புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பே, வாங்கிய அதே தளத்தில் கேன்சல் செய்திருக்க வேண்டும். தேதி மாற்றத்துக்குப் பொருந்தாது, முழு ரத்துக்கு மட்டும். திருப்பித் தரும் தொகைக்கு உச்சவரம்பும் இருக்கும். கடைசி நேரத்தில் விமானத்தைத் தவறவிட்டால் ஒரு பைசாவும் தராது, அதாவது உங்கள் அக்டோபர் கதைக்கு உதவியே இருந்திருக்காது. பணம் கட்டும் பக்கத்தில் தானாகவே டிக் போட்டு வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். 'இப்போது பறந்துவிட்டுப் பிறகு கட்டுங்கள்' என்கிற கடன்களின் பக்கமே போக வேண்டாம். கடனில் போட்ட டிக்கெட்டை ரத்து செய்தால் ரீஃபண்ட் ஒரு பக்கம் வரும், இ.எம்.ஐ. இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். அதை மூடச் சொல்லி நீங்களே தனியாக எழுதிக் கேட்க வேண்டும். பிராசஸிங் ஃபீயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் போனது போனதுதான்.

கார்டு பாக்கிக்கு வருகிறேன். மாதம் 3.5 சதவீதம் வட்டி என்று வைத்தால் 84,000க்கு 2,940. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 529. ஆக ஏறக்குறைய 3,470. நீங்கள் கட்டும் 4,200ல் அசலுக்குப் போவது 730 ரூபாய்தான். ஆண்டுக்கு 41,000க்கு மேல் வட்டியாகவே போகிறது. அதே 84,000 எஃப்.டி.யில் ஆண்டுக்குச் சம்பாதிப்பது 5,900 கூட இல்லை. மனமில்லை என்பது எனக்குப் புரிகிறது, ஆனால் இந்தக் கணக்கில் மனதுக்கு இடமில்லை. இந்த வாரமே எஃப்.டி.யை உடையுங்கள். வேண்டிய தொகையை மட்டும் எடுக்கும் வசதி உங்கள் வங்கியில் இருந்தால் 36,000 அங்கேயே கிடக்கட்டும். முன்கூட்டி உடைப்பதற்கு வங்கி பிடிக்கும் ஒரு சதவீதம் இதில் ஒரு பொருட்டே இல்லை. முழுப் பாக்கியையும் கட்டிய பிறகும், கட்டிய நாள் வரைக்குமான வட்டி அடுத்த ஸ்டேட்மென்டில் வரும். அதைப் பார்த்துப் பதறாமல் அதையும் முழுசாகக் கட்டுங்கள். சில நூறு ரூபாய் விட்டுவிட்டால்கூட வட்டியில்லாக் காலம் திரும்பக் கிடைக்காது. பாக்கி நிற்கும்வரை, நீங்கள் போடும் புது டிக்கெட்டுக்கும் போட்ட நாளிலிருந்தே வட்டி.

இ.எம்.ஐ. வேண்டாம். வட்டி குறையும், உண்மைதான். ஆனால் கட்டக் கட்ட கார்டில் மறுபடி இடம் பிறக்கும், அடுத்த விடுமுறை டிக்கெட் அதில் ஏறிவிடும். இதுவரை மினிமம் கட்டிய அதே 4,200ஐ இருபது மாதம் ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போட்டால் உடைத்த எஃப்.டி. திரும்ப வந்துவிடும்.

மாமாவிடம் பேசுவது கஷ்டம் என்று எழுதவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. 35,000ஐக் கேட்பதா வேண்டாமா என்பது உங்கள் குடும்ப விஷயம். இனிமேலுக்கு மட்டும் ஒரே வழி: அவர்கள் டிக்கெட்டை அவர்கள் கார்டில் அவர்களே போடட்டும். அதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. மத்திய அரசு ஊழியர் எல்.டி.சி. என்ற விடுமுறைப் பயணச் சலுகையில் விமானத்தில் வருவதாக இருந்தால், பாமர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. ஆகிய மூன்று நிறுவனங்கள் வழியாகப் போட வேண்டும் என்பது விதி. நீங்கள் ஏதோ ஒரு தளத்தில் போட்டுக் கொடுத்தால் அவர் அலுவலகத்தில் பில் பாஸ் ஆவதே சிக்கல். "மாமா, எல்.டி.சி. இருந்தால் நீங்களே போடுங்க, நான் போட்டா உங்களுக்கு நஷ்டம்" என்று சொல்லிப் பாருங்கள். இதில் யார் மனமும் நோகாது.

அப்பா அம்மாவின் டிக்கெட்டை நீங்கள்தான் போடுவீர்கள், போட வேண்டியதும்தான். அதற்குச் சில விஷயங்கள்.

பணம் கட்டும் முன் கட்டண விவரத்தைத் திறந்து பாருங்கள். அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம், பிறகு வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் தனித்தனியாக இருக்கும். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.வின் விதிப்படி கேன்சலேஷன் கட்டணம் முதல் இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது. ஆகவே மலிவு டிக்கெட்டில் ஒரு கணக்கு மாறும். அடிப்படையும் எரிபொருளும் சேர்ந்து 2,600, வரியும் மற்றதும் 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்து செய்தால் அதிகபட்ச நஷ்டம் 2,600, கையில் 1,000 வரும். தேதி மாற்றினால் 3,000 கட்டணம், மேலே விலை வித்தியாசமும். இங்கே ரத்து செய்துவிட்டு, எந்த நிறுவனத்தில் மலிவோ அதில் புதிதாக எடுப்பதுதான் லாபம். டிக்கெட் 7,000, 8,000 என்றால் பெரும்பாலும் தேதி மாற்றுவது மேல். பட்டனை அமுக்கும் முன் இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பல நிறுவனங்களில் புறப்பட மூன்று நாளுக்குள் என்றால் கட்டணம் ஒரு படி ஏறும் என்பதால், மாற்றுவது என்று முடிவானால் தள்ளிப்போட வேண்டாம்.

போட்ட 24 மணி நேரத்துக்குள் மனம் மாறினால் அபராதமில்லாமல் ரத்து செய்யலாம், மாற்றலாம். 2016ல் வந்த இந்த விதி, பயணத் தேதிக்கு ஏழு நாளாவது இருந்தால்தான் பொருந்தும். டிக்கெட் போட்டதும் அன்றிரவே வீட்டில் எல்லாரிடமும் தேதியைச் சொல்லி உறுதி வாங்கிவிடுங்கள். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் அதையும் அப்போதே திருத்துங்கள்.

யாருடைய லீவு சந்தேகமோ, அவருக்குத் தனி பி.என்.ஆர். (முன்பதிவு எண்) போடுங்கள். மே மாதத்தில் மாமாவுக்கு மட்டும் தனியாக இருந்து, அக்காவும் பிள்ளைகளும் முதலில் வந்திருந்தால், இரண்டு டிக்கெட்டை மாற்ற 6,000, வித்தியாசம் 2,750, ஆக 8,750ல் முடிந்திருக்கும். எல்லாரும் ஒரே பி.என்.ஆரில் இருந்தால், ஒருவருக்கு மாற்ற வேண்டி வரும்போது, சேர்ந்தே மாற்றிவிடலாமே என்று தோன்றிவிடுகிறது.

விமான நிறுவனமே நேரத்தை மாற்றினாலோ ரத்து செய்தாலோ, அவசரப்பட்டு நீங்களாகக் 'கேன்சல்' அமுக்காதீர்கள். அப்படி அமுக்கினால் அது பயணி செய்த ரத்தாகக் கணக்காகி அபராதம் பிடிக்கப்படலாம். அவர்கள் அனுப்பும் செய்தியில் உள்ள இணைப்பின் வழியே போனால் வேறு விமானமோ முழு ரீஃபண்டோ இலவசம். இண்டிகோவில் இதற்கு 'பிளான் பி' என்று பெயர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குச் சென்னை ஓடுபாதை மூழ்கியதுபோன்ற சமயத்தில் நஷ்ட ஈடு கேட்க முடியாது. டிக்கெட் பணம் திரும்ப வாங்கும் உரிமை அப்போதும் உண்டு. அந்தப் பணத்தை, அடுத்த டிக்கெட்டுக்கென்று நிறுவனமே வைத்திருக்கும் 'கிரெடிட் ஷெல்' கணக்கில் வைத்துக்கொள்வதா, கார்டுக்கே திருப்பி வாங்குவதா என்பது பயணியின் விருப்பம். கார்டுக்கே வாங்குங்கள். கிரெடிட் ஷெல் காலாவதியாகும், அதுவரை அந்த நிறுவனத்திலேயே பறக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, அக்டோபரில் தவறவிட்ட டிக்கெட். உள்நாட்டு விமானத்துக்கு செக்-இன் கவுன்டர் 60 நிமிடம் முன்பே மூடிவிடும். வெப் செக்-இன் செய்திருந்தாலும் பெட்டி போட வேண்டுமென்றால் அதே கெடுதான். பெரும்பாலான நிறுவனங்களில் இரண்டு மணி நேரம் முன்பு வரை ரத்து செய்யவோ மாற்றவோ முடியும். பல்லாவரத்தில் வண்டி நகராமல் நிற்கும்போதே, நேரம் இருந்தால், வெப் செக்-இன்னை ரத்து செய்துவிட்டு டிக்கெட்டை அடுத்த விமானத்துக்கு மாற்றிவிடலாம். அது அன்றைய 23,000ஐ விடக் குறைவாகவே ஆகியிருக்கும்.

அது போகட்டும், அந்த இரண்டு டிக்கெட்டின் வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் இன்னும் உங்கள் பணம். பயணியே வராமல் போனாலும், 'நான்-ரீஃபண்டபிள்' என்று விற்ற சலுகை டிக்கெட்டாக இருந்தாலும், அவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. கேட்காவிட்டால் பெரும்பாலும் வராது. நிறுவனத்தின் இணையதளத்தில் 'நோ-ஷோ' (பயணி வராமல் போன டிக்கெட்) ரீஃபண்டுக்கென்று பகுதி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் பி.என்.ஆர்., பயணத் தேதி, இருவர் பெயர், இன்வாய்ஸில் உள்ள வரித் தொகை ஆகியவற்றை எழுதி மின்னஞ்சல் அனுப்புங்கள். டிக்கெட்டை வேறு தளத்தில் வாங்கியிருந்தால் அவர்களுக்கும் ஒரு பிரதி போகட்டும். கிரெடிட் கார்டில் கட்டிய பணம் ஏழு நாளில் வர வேண்டும், ஏஜென்ட் வழியென்றால் கூடுதலாகச் சில வாரம் ஆகும். அதற்கு மேலும் இழுத்தால் நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள். பிறகு விமானப் பயணிகளுக்கான அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியுங்கள், அல்லது 1915 நுகர்வோர் உதவி எண்ணில் அழையுங்கள். இரண்டு பேருக்கும் சேர்ந்து இரண்டாயிரம் ரூபாய் அளவில் வரலாம். வந்ததும் ஆர்.டி.யின் முதல் தவணையில் பாதி அதுவே ஆகட்டும்.