மெத்தில் அமீன் என்றால் என்ன? தொழிற்சாலைகளில் அது எதற்கு?

அம்மோனியாவில் ஒரு நைட்ரஜனோடு மூன்று ஹைட்ரஜன்கள் இருக்கும். அதில் ஒன்றை எடுத்துவிட்டு ஒரு மெத்தில் தொகுதியை (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) வைத்தால் மெத்தில் அமீன். இப்படி அம்மோனியாவின் ஹைட்ரஜனுக்குப் பதிலாகக் கார்பன் தொகுதி வந்த சேர்மங்கள்தான் அமீன்கள்; அவற்றிலேயே எளிமையானது இதுதான். 1849-இல் வூர்ட்ஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் முதன்முதலில் தயாரித்தார்.

நிறமற்ற வாயு. கொதிநிலை சுமார் −6 டிகிரி செல்சியஸ். நாற்றமோ, கெட்டுப்போன மீன்தான்! நீரில் தாராளமாகக் கரையும் என்பதால் பெரும்பாலும் 40% கரைசலாகவே விற்கிறார்கள்.

இதன் குணத்துக்கெல்லாம் காரணம், நைட்ரஜனிடம் பிணைப்பில் சேராமல் சும்மா இருக்கும் ஓர் எலக்ட்ரான் இணை. சுவரில் காலியாக இருக்கும் கொக்கி மாதிரி. அமிலத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் அயனி அதில் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் இது காரம் (அமிலத்துக்கு எதிர்க்குணம் கொண்டது, ஆங்கிலத்தில் base). மெத்தில் தொகுதி எலக்ட்ரானை நைட்ரஜன் பக்கம் கொஞ்சம் தள்ளுவதால், அம்மோனியாவைவிட வலுவான காரம்.

மெத்தனாலையும் அம்மோனியாவையும் வினையூக்கியின் (வினையை வேகப்படுத்தும் பொருள்) மேல் சூடாக்கித் தயாரிக்கிறார்கள். அப்புறம் அதே கொக்கியில் வேறு மூலக்கூறுகளை மாட்டிப் பூச்சிக்கொல்லி, மருந்து, கரைப்பான் எனப் பலவற்றைச் செய்கிறார்கள்.

மெத்தில் அமீனைக் ‘கரிமச் சேர்மம்’ என்றதும் ‘ஆர்கானிக்’ காய்கறி போலத் தீங்கற்றது என்று பலர் நினைக்கிறார்கள்; இங்கே அந்தச் சொல்லுக்குக் கார்பன் இருக்கிறது என்று மட்டுமே பொருள், இந்த வாயு எளிதில் தீப்பிடிக்கும், கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும்.