‘அக்ரானிக்கல்’ காலத்தைக் குறிக்கவில்லை, அந்தியைக் குறிக்கிறது

வணக்கம். கொடைக்கானல் பள்ளிக் கண்காட்சிப் பலகையில் ‘அக்ரானிக்கல் உதயம்’ என்ற வானியல் சொல்லைக் ‘காலமற்ற உதயம்’ என்று எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அப்படி எழுதிவிடாதீர்கள். காலத்தைக் குறிக்கும் ‘குரோனோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கும் இதற்கும் உறவே இல்லை. ஒலி ஒப்புமையால் ஆங்கிலத்திலேயே பலர் எழுத்தைக் குழப்பியிருக்கிறார்கள்.

கிரேக்கத்தில் ‘அக்ரோன்’ என்றால் நுனி. ‘நிக்ஸ்’ என்றால் இரவு. இரவின் நுனி, அதாவது நமது அந்தி. (வடமொழி ‘நக்தம்’ இந்த ‘நிக்ஸ்’ஸின் உறவுச் சொல்தான்.) சூரியன் மேற்கில் மறையும்போது ஒரு விண்மீன் கிழக்கில் எழுந்தால் அது அக்ரானிக்கல் உதயம். ‘அந்தி எழுச்சி’ என்று எழுதுங்கள். எனக்கு அதைவிட அழகான சொல் தோன்றவில்லை.

பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் கார்த்திகை மீன்கூட்டத்தையே காட்டலாம். நவம்பர் நடுவில் அது அந்தியில் எழுகிறது. கார்த்திகை மாதத்து முழுநிலவு அதனருகே நிற்பதும் இதனால்தான்: இரண்டும் சூரியனுக்கு எதிர்த்திசையில் இருக்கின்றன. கொடைக்கானல் மலைவிளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் நின்றால் சமவெளிப் பக்கம் வானம் திறந்திருக்கும், ஆனால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். மேகம் விலகும் மாலைக்காகக் காத்திருக்க வேண்டும்.

கோள்களுக்கும் இச்சொல் பொருந்தும். செவ்வாய் சூரியனுக்கு நேரெதிரே நிற்கும்போது அந்தியில் எழும்; அப்போது பூமியிலிருந்து பார்த்தாலும் சூரியனிலிருந்து பார்த்தாலும் அது ஒரே திசையில் தெரியும். வானியலாளர் டைக்கோ பிராகி அத்தகைய நாட்களிலும் பிற நாட்களிலும் எடுத்த அளவுகளைக் கொண்டுதான் கெப்ளர் என்ற வானியலாளர் செவ்வாயின் நீள்வட்டப் பாதையைக் கண்டறிந்து 1609இல் வெளியிட்டார். பலகையில் இடமிருந்தால் இதையும் சேருங்கள்.