மயக்கம் தெளியும்போது வரும் இருமலுக்கு மரப்பு மருந்து தரலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 52, எடை 60 கிலோ. அடுத்த மாதம் தைராய்டு அறுவை சிகிச்சை. முன்பு பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்தபோது, மூச்சுக்காகத் தொண்டைக்குள் போட்ட டியூப் இருந்ததையும் அடக்க முடியாமல் இருமியதையும் இன்னும் சொல்லி அழுகிறார். அதன்பின் 3 நாள் குரல் கம்மியிருந்தது. டியூப்பை எடுக்கும் முன் லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தைக் கொடுத்தால் இருமல் குறையும் என்று படித்தேன். அதே மருந்தால் தொண்டை மரத்து மூச்சு நின்றுவிடும், இதயம் நின்றுவிடும் என்றும் இணையத்தில் போட்டிருக்கிறார்கள். பல் பிடுங்கப் போட்ட ஊசியில் அம்மாவுக்குப் படபடப்பு வந்ததும் நினைவுக்கு வருகிறது. வீட்டுக்கு வந்தபின் தொண்டை வலித்தால் அடிக்க லிக்னோகெயின் ஸ்ப்ரேயும் வாங்கி வைத்திருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: தொண்டை மரத்துப்போவதால் மூச்சு நிற்காது. மூச்சு விடச் சொல்லும் கட்டளை மூளைத்தண்டிலிருந்து வருகிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசை அதைக் கேட்டு இயங்குகிறது. தொண்டைச் சதையில் உணர்வு இருக்கிறதா இல்லையா என்பதற்கும் அந்தக் கட்டளைக்கும் தொடர்பே கிடையாது. மரத்த தொண்டையில் குறைவது வேறொன்று: எச்சிலோ தண்ணீரோ தவறான வழியில் போனால் இருமி வெளியே தள்ளும் அனிச்சைச் செயல். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர்களான எங்கள் கவனமெல்லாம் அதில்தான் இருக்கும்.

அம்மா சொல்வது கற்பனை இல்லை. டியூப்பை எடுப்பதற்கு முன் அவர் தானாக மூச்சு விட வேண்டும், தசைகளைத் தளர்த்தக் கொடுத்த மருந்தின் வேகம் முழுதும் இறங்கியிருக்க வேண்டும், கண்ணைத் திறங்கள் என்றால் திறக்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களில் குரல்வளைக்குள் ஒரு குழாய் இருந்தால் உடம்பு இருமத்தான் செய்யும். பெரும்பாலானவர்களுக்கு அது நினைவில் நிற்பதில்லை. உங்கள் அம்மாவுக்கு நின்றிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த நினைவோடு இன்னொரு முறை அறுவை அரங்குக்குள் போவது எளிதல்ல என்பது எனக்குப் புரிகிறது.

தைராய்டு அறுவை சிகிச்சையில் இந்த இருமலைக் குறைக்க நாங்களே விரும்புவோம். பலமாக இருமும்போது கழுத்து ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறும். அப்போதுதான் ரத்தக் குழாய்களைக் கட்டி மூடிய இடத்தில் மறுபடி ரத்தம் கசியலாம். லிக்னோகெயினை இதற்குப் பல விதமாகப் பயன்படுத்தலாம். டியூப்பை எடுக்கும் சில நிமிடங்களுக்கு முன் ரத்தக் குழாய் வழியாகக் கொடுப்பது ஒன்று. கிலோவுக்கு 1 முதல் 1.5 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. அம்மாவின் எடைக்கு 60 முதல் 90 மில்லிகிராம். இன்னொன்று எனக்குப் பிடித்த முறை. டியூப்பின் நுனியில் சின்ன பலூன் ஒன்று இருக்கும். அதைக் காற்றால் நிரப்புவதற்குப் பதில் லிக்னோகெயினால் நிரப்பினால், மருந்து பலூன் சுவர் வழியே மெல்ல ஊடுருவி, தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தை மட்டும் மரக்க வைக்கும். சிறிது சோடியம் பைகார்பனேட் சேர்த்தால் இன்னும் நன்றாக ஊடுருவும். ஆனால் நேரம் எடுக்கும், அதனால் நீண்ட அறுவை சிகிச்சைகளுக்கே பொருந்தும். டியூப் போடும்போதே குரல்வளையில் மருந்து தெளிப்பதும் உண்டு. நேரம் போகப் போக அதன் பலன் தீர்ந்துவிடும்.

எந்த முறையும் இருமலை முற்றிலும் நிறுத்தாது, குறைக்கும். லிக்னோகெயின் இல்லாத வேறு வழிகளும் இருக்கின்றன. எனவே "இந்த மருந்தைப் போடுங்கள்" என்று கேட்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் முன்கூட்டியே பார்க்க வருவார். "போன முறை டியூப் எடுக்கும்போது ரொம்ப இருமினேன், அது நினைவில் இருக்கிறது, பயமாக இருக்கிறது" என்று அம்மாவே அவரிடம் சொல்லட்டும். இதயத் துடிப்புக் கோளாறு, வலிப்பு, கல்லீரல் நோய் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

இதயம் நிற்பது பற்றிய செய்திகள் அளவு மீறிப் போனவை. வாயைச் சுற்றி மதமதப்பு, காதில் இரைச்சல், அப்புறம் வலிப்பு, அதற்கும் மேல் போனால் இதயத் துடிப்புத் தடுமாற்றம்: இது அளவு மீறிய லிக்னோகெயினின் நச்சு விளைவு. எடை பார்த்துக் கணக்கிட்டு, இதயத் துடிப்பைத் திரையில் கவனித்துக்கொண்டே கொடுக்கும் மருந்தை அதோடு சேர்த்துப் பயப்படாதீர்கள். பல் ஊசியில் வந்த படபடப்பு பெரும்பாலும் அதில் கலந்திருக்கும் அட்ரினலினால் வருவது. லிக்னோகெயினுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவையுங்கள். 3 நாள் குரல் கம்மியதும் சாதாரணம்.

ஸ்ப்ரே விஷயத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. அறுவை அரங்கில் அளந்து கொடுக்கிற மருந்தை வீட்டில் கைபோன போக்கில் அடிப்பது எப்படிச் சரியாகும்? மரத்த தொண்டையோடு சாப்பிட்டால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகலாம். அடிக்கடி அடித்தால் நச்சு அளவையும் எட்டலாம். அதைவிட, தொண்டையில் புதிதாக ஏதாவது நடந்தால் அம்மாவுக்கே தெரியாமல் போகும். அதைத் தொடாதீர்கள்.

கவலைப்பட வேண்டியது இதுதான். தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பின் கழுத்துக்குள் ரத்தம் சேர்ந்தால் மூச்சுப் பாதை நெரிபடும். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள், அதிலும் முதல் 6 மணி நேரத்தில் அதிகம். கழுத்து வீங்குவது, கட்டு இறுகுகிறது என்று சொல்வது, படுக்க முடியாமல் எழுந்து உட்காருவது, எச்சில் விழுங்கத் தவிப்பது, மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்ற சத்தம். இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த நொடியே செவிலியரைக் கூப்பிடுங்கள். விரலில் மாட்டியிருக்கும் கருவியில் ஆக்சிஜன் 98 என்று காட்டுகிறதே என்று காத்திருக்காதீர்கள். அந்த எண் கடைசியில்தான் இறங்கும். தேவைப்பட்டால் படுக்கையிலேயே தையலைப் பிரித்து ரத்தத்தை வெளியேற்றுவார்கள். நிமிடக் கணக்கில் செய்ய வேண்டிய வேலை அது. அன்றிரவு அம்மாவோடு தங்குவது நீங்கள் இல்லையென்றால், தங்குபவரிடம் இந்தப் பத்தியைக் காட்டிவிடுங்கள்.