தொமார், அல்மோரோல் ஒருநாள் டிரிப்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

லிஸ்பன்ல இருந்து வேன்ல ஆளுங்கள ஏத்திக்கிட்டு தொமார், அல்மோரோல் பக்கம் சுத்திக் காட்டுறதுதான் என் பொழப்பு. டெம்ப்ளர்னா யாருன்னே தெரியாதவங்களுக்கு: துறவி விரதமும் எடுத்துக்கிட்டு கத்தியும் தூக்கின கூட்டம், சிலுவைப்போர் காலத்துல ஜெருசலேம்ல ஆரம்பிச்சது, போர்ச்சுகல்ல அவங்களோட தலைமை ஊர் தொமார். பக்கத்துல இருக்குற பாத்திமா மாதா யாத்திரை ஊரையும் சேர்க்கலாமான்னு மட்டும் கேக்காதீங்க ப்ளீஸ்.

அக்கா, ஒரு நாள்ல என்னென்ன பாக்கலாம்?

காலைல 8 மணிக்குக் கிளம்பினா 140 கிலோமீட்டர் சொச்சம், ஒன்றரை மணி நேரத்துல தொமார். நேரா மலை மேல கோட்டை, அதுக்குள்ளயே இருக்குற மடம், அதுக்கே மூணு மணி நேரம் வேணும். அப்புறம் ஊருக்குள்ள சாப்பாடு, ஆலிவ் தோப்பு மாதா கோயில், சாயங்காலம் வெயில் சாயும்போது அல்மோரோல். அவ்ளோதான். ஷூ போட்டுட்டு வாங்க, ஊர்ல பதிச்சிருக்குற கல்லு ஆளுங்க நடந்து நடந்து கண்ணாடி மாதிரி ஆயிருக்கு, செருப்புல வந்தவங்கள நான் கைப்பிடிச்சு இறக்கியிருக்கேன்.

வீட்டுக்காரர் கோட்டைன்னாலே எல்லாம் ஒண்ணுதானேங்கிறார். தொமார்ல அப்படி என்ன விசேஷம்?

அவர நேரா சரோலாவுக்குள்ள கொண்டுபோய் நிறுத்துங்க. கோட்டைய 1160ல ஆரம்பிச்சவர் குவால்திம் பாய்ஷ், போர்ச்சுகல் டெம்ப்ளர்களோட தலைவர். அதே நூற்றாண்டு கடைசில கட்டின வட்டக் கோயில்தான் சரோலா. வெளியேருந்து எண்ணினா 16 பக்கம், உள்ள நடுவுல எட்டுப்பட்டை மண்டபம் ஒண்ணு தனியா நிக்கும், அதைச் சுத்தி நடைபாதை. நம்மாளுங்க உள்ள நுழைஞ்சதும் தன்னால இடமிருந்து வலமா பிரதட்சணம் ஆரம்பிச்சுடுவாங்க, நான் ஒண்ணும் சொல்றதில்ல, சிரிச்சுக்கிட்டே பின்னாடி போவேன். ஜெருசலேம்ல பாத்த வட்டக் கட்டடங்களோட ஞாபகத்துல கட்டினது. வெளியே கோட்டை மாதிரி முரட்டுச் சுவர், உள்ள தங்கப்பூச்சும் ஓவியமும். ஆனா அந்த மினுமினுப்பு பெரும்பாலும் 1500கள்ல மானுவேல் ராஜா காலத்துல வந்தது, டெம்ப்ளர்கள் பாத்ததுன்னு நினைச்சுடாதீங்க. மேற்கு பக்கச் சுவரைத் திறந்து பெரிய கூடம் ஒட்ட வெச்சதும் அவர் காலத்துலதான். வீரனுங்க குதிரைல உக்காந்தபடியே சுத்தி வந்து பூசை பாத்தாங்கன்னு ஒரு கதை ஓடும், கேக்க நல்லாத்தான் இருக்கு, அந்த பாதைல நின்னு குதிரையோட நீளத்தை நீங்களே மனசுல போட்டுப் பாருங்க.

வெளிய வந்தா சாந்தா பார்பரா முற்றத்து மாடிலேருந்து மடத்தோட பேர்போன ஜன்னலைப் பாக்கலாம். 1510ங்கள்ல தியோகோ த அர்ருதா செஞ்சது. கல்லுலயே கப்பல் கயிறு, முடிச்சு, பவளம், பாசி. அடில தாடி வெச்ச ஒருத்தன் மரத்து வேரையும் மேல இருக்குற அத்தனை பாரத்தையும் தோள்ல சுமந்துக்கிட்டு கிடப்பான். பக்கத்துத் தூணைச் சுத்தி கல்லுலயே ஒரு பெல்ட், பக்கிளோட! எல்லாரும் நடு ஜன்னலை போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க, அந்த பக்கிளைப் பாக்க மாட்டாங்க.

டெம்ப்ளர் புதையல் இன்னும் அங்கதான் இருக்காமே?

இல்ல.

பாத்திமாவும் சேர்த்து ஒரே நாள்ல முடியுமா அக்கா? அம்மா ஆசைப்படுறாங்க.

தொமார்லேருந்து 35 கிலோமீட்டர்தான், முடியும். ஆனா அம்மாவுக்கு அது வேண்டுதல், உங்களுக்கு இது வேடிக்கை. ரெண்டையும் ஒரே நாள்ல திணிச்சா அவங்க மெழுகுவத்தி ஏத்தும்போது நீங்க வாட்சைப் பாத்துட்டு நிப்பீங்க. தனியா ஒரு நாள் போங்க.

அல்மோரோல் எப்படி?

தேஜோ ஆத்து நடுவுல ஒரு பாறைத் தீவு, அதுமேல சின்னக் கோட்டை. 1171ல குவால்திம் பாய்ஷே எடுத்துக் கட்டினது. படகுல போகணும், ரெண்டு நிமிஷ சமாச்சாரம், ஆனா ஆத்துல தண்ணி ஏறினா படகு விடமாட்டாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. பாறைல ஏறணும். ஷூ.

1312ல போப் டெம்ப்ளர்களை ஒழிச்சாரு, 1319ல தினிஷ் ராஜா கிறிஸ்து சபைன்னு புதுசா ஆரம்பிச்சாரு. அதே கடைதானே, போர்டு மட்டும்தானே மாறிச்சு?

நல்லா கேட்டீங்க தம்பி. பாதி சரி. மத்த நாட்டுல டெம்ப்ளர் சொத்து பெரும்பாலும் ஹாஸ்பிடலர்னு இதே மாதிரி இன்னொரு வீரத்துறவி சபைக்குப் போச்சு, இங்க ராஜா விடல, ஏழு வருஷம் இழுத்துப் பிடிச்சு போப்கிட்ட பேசி புது சபைக்கே வாங்கிக் கொடுத்தாரு, பழைய ஆளுங்க நிறைய பேர் அப்படியே உள்ள வந்தாங்க. ஆனா சட்டதிட்டம் ஸ்பெயின்ல இருந்த கலத்ராவா சபையோடது, மேற்பார்வை அல்கோபாசா மடத்துத் தலைவர், தலைமை இடமே தெற்குக் கோடில கஸ்த்ரோ மரிம். தொமாருக்குத் திரும்பினது 1357ல.

சொத்து அதே, ஆள் அதே, சிலுவை அதே. அப்ப கடையும் அதே.

சிலுவை அதே இல்ல, செவப்புக்குள்ள வெள்ளைச் சிலுவை ஒண்ணு வந்துச்சு பாருங்க. டெம்ப்ளர் போப்புக்கு மட்டும் பதில் சொன்னவன். இவங்க ராஜா கைக்குள்ள. போகப்போக ராஜா வீட்டுப் பிள்ளை ஹென்ரிக்கே நிர்வாகியா உக்காந்தாரு, பின்னாடி மானுவேல் இந்த சபைக்கும் தலைவர், நாட்டுக்கும் ராஜா. முதலாளி மாறினா அது வேற கடை.

குறுக்க வர்றேன் அக்கா, எங்க தெருல அண்ணாச்சி போயி இருபது வருஷமாச்சு, பேரன் நடத்துறான், இன்னும் அது அண்ணாச்சி கடைதான்.

பேரனாவது சொந்தம்! இங்க கடைய எடுத்தது வாடகை வசூல் பண்ண வந்தவரு. சரி, ஊர்க்காரன் கண்ணுக்கு அதே கடைன்னு ஒத்துக்கிறேன், மலை மேல அதே மடம், அதே மணி. கணக்கு நோட்டுதான் வேற. இதை இங்க விடுவோம், பின்னாடி பத்து பேர் நிக்கிறாங்க.

அப்ப வாஸ்கோ டகாமா டெம்ப்ளர்தானே?

விடமாட்டீங்க போல. கோழிக்கோட்டுக்கு 1498ல வரும்போது பாய்மரத்துல கிறிஸ்து சபை சிலுவை, ஆனா அவர் ஆளு சாந்தியாகோ சபை, அது வேற ஒரு வீரத்துறவி சபை. கிறிஸ்து சபைக்கு மாறினது 1507ல. சாந்தியாகோ சபைக் கோட்டை பாக்கணும்னா பல்மேலா, லிஸ்பனுக்குத் தெக்க, அரை நாள் போதும்.

தூத்துக்குடிலேருந்து கேக்குறேன். எங்க முன்னோருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் தொமார் சபைதானா?

மயிரிழைல தப்பிச்சது. 1456லேருந்து கடல்தாண்டின ஊர்களோட ஆன்மிகப் பொறுப்பு இந்த சபைக்கு, தொமார்ல இருந்த சபையோட தலைமைப் பாதிரியார் (விகாரி) கைல. 1514ல மதேரா தீவுல ஃபுன்ஷால் மறைமாவட்டம் வந்ததும் அவர் கைவிட்டுப் போச்சு. உங்க கடற்கரைல அது நடந்தது 1530களோட நடுவுல, அதுக்குள்ள 1534ல கோவா மறைமாவட்டமே வந்தாச்சு. கேள்வி நல்ல கேள்வி, நான் மடத்துல நிக்கும்போது அடிக்கடி இதை நினைப்பேன்.

ஆலிவ் தோப்பு கோயில்லேருந்து கோட்டைக்கு சுரங்கம் இருக்காம், புதையல் அதுலதான்னு வீடியோல பாத்தேன்.

நடுவுல நபாவ் ஆறு ஓடுது. அதுக்கு அடில தோண்டினாங்களா? அந்தக் கோயில்ல நிஜமாவே இருக்குறதைப் பாருங்க: 1195ல செத்த குவால்திம் பாய்ஷோட கல்லறைக் கல்வெட்டு, சுவர்ல. கிட்டத்தட்ட 70 வயசுல 1190ல மொராக்கோ சுல்தான் படையை கோட்டைக்குள்ள இருந்து தாங்கின ஆளு. புதையல் தேடி வர்றவங்க அந்தக் கல்லைத் தாண்டிப் போயிடுறாங்க.

புதையல்...

மேலயே பதில் சொல்லியாச்சு.

பாத்திமா + தொமார் + நசரே கடற்கரை ஊர் ஒரே நாள் பேக்கேஜ் ஒருத்தர் தர்றாரே?

தருவாரு. வேன் ஜன்னல் நல்லா பாக்கலாம்.

நாங்க சைவம், தொமார்ல என்ன சாப்பிடுறது?

கீரை சூப்புன்னு நம்பி கால்து வேர்தே வாங்கிடாதீங்க, மேல ஒரு துண்டு பன்றி சாசேஜ் மிதக்கும், வேணாம்னு முன்னாடியே சொல்லிடுங்க. முட்டை சேரும்னா ஃபத்தியாஷ் த தொமார். மஞ்சக்கரு மட்டும் நெடுநேரம் அடிச்சு, அதுக்குன்னே இருக்குற மூடி போட்ட பாத்திரத்துல தண்ணிக்கு மேல வேக வெச்சு, துண்டு போட்டு சர்க்கரைப் பாகுல கொதிக்க விடுவாங்க. ஒரு துண்டு போதும், ரெண்டாவது கேட்டவங்க வேன்ல தூங்கிட்டாங்க, அல்மோரோலே பாக்கல.