சம்பளத்தில் ஒரு பங்கு பிட்காயினா? கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மாதம் 1,50,000 ரூபாய் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். இனி 1,00,000 ரூபாயை வங்கியில் போட்டுவிட்டு, மீதி 50,000-க்குப் பிட்காயின் தருவார்களாம். சம்மதக் கடிதம் கேட்கிறார்கள். "துபாயிலேயே செல்லும்" என்கிறார் மேலாளர். இங்கே செல்லுமா?

பதில்: செல்லாது. தயவுசெய்து அந்தக் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின் 15-ஆவது பிரிவு, ஊதியம் எப்படித் தரப்பட வேண்டும் என்று சொல்கிறது: நாணயம், ரூபாய் நோட்டு, காசோலை, வங்கி வரவு, மின்னணுப் பரிமாற்றம். பிட்காயினை வைத்திருக்கும் டிஜிட்டல் கணக்கான வாலட்டுக்கு அனுப்புவதும் மின்னணு முறைதானே என்று நிறுவனம் வாதாடலாம். ஆனால் மின்னணு முறையில் வரவேண்டியதும் பணம்தான். பிட்காயின் இந்தியாவில் பணம் அல்ல. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் பிட்காயின் போன்ற கிரிப்டோவைச் சொத்து என்றுதான் சொன்னது. சம்பளத்துக்குப் பதில் தங்கக் காசு கொடுத்தால் எப்படியோ, இதுவும் அப்படித்தான். கிரிப்டோ வைத்திருப்பது குற்றமில்லை. அது வேறு விஷயம்.

பழைய ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் மாதம் 24,000 ரூபாய் என்று ஒரு வரம்பு இருந்தது. இப்போது அது இல்லை. உங்கள் சம்பளத்துக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. சேர வேண்டிய தொகையை விட்டுக்கொடுப்பதாக நீங்களே எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது.

துபாய் நீதிமன்றம் 2024-இல் ஒப்பந்தப்படி கிரிப்டோ டோக்கனில் சம்பளம் தரச் சொன்னது உண்மை. அது அந்த ஊர்ச் சட்டம். கோவைக்குப் பொருந்தாது.

எனக்கு அதிகக் கவலை வரியைப் பற்றித்தான். கைக்கு வந்த நாளில் அந்தப் பிட்காயினின் மதிப்பு 50,000 என்றால், அது சம்பள வருமானம். உங்கள் வரி விகிதப்படி அப்போதே வரி. பிறகு 60,000-க்கு விற்றால், கூடுதலாக வந்த 10,000-க்கு 30 சதவீத வரி, அதன் மேல் செஸ். விலை 35,000-க்கு விழுந்தால்? 50,000-க்கு வரி கட்டியது கட்டியதுதான். 15,000 நஷ்டத்தைச் சம்பளத்திலோ வேறு கிரிப்டோ லாபத்திலோ கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) வேறு. வீட்டு வாடகையும் இஎம்ஐயும் ரூபாயில் கட்டுகிறவர் இந்த ஆபத்தை ஏன் சுமக்க வேண்டும்?

ஊழியராக இல்லாமல் ஃப்ரீலான்ஸராக இருந்தால் ஊதியச் சட்டம் குறுக்கே வராது. ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளர் கிரிப்டோவில் தந்தால் ஜிஎஸ்டியில் ஏற்றுமதிச் சலுகை கிடைக்காது. அதற்கு வெளிநாட்டுச் செலாவணியாகவோ, ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் இடங்களில் ரூபாயாகவோ பணம் வந்திருக்க வேண்டும்.

சரி, நிறுவனத்திடம் என்ன சொல்வது? "முழுச் சம்பளத்தையும் ரூபாயில் வங்கியில் போடுங்கள், தேவைப்பட்டால் நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். வாங்குவதானால் மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவான எஃப்ஐயூ-வில் பதிவு செய்த கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் வாங்குங்கள். சம்பளத்துக்கு மேல் போனஸாகக் கிரிப்டோ தருகிறார்கள் என்றால் வாங்கலாம். அன்றைய ரூபாய் மதிப்பு சம்பளச் சீட்டில் இருக்க வேண்டும், டிடிஎஸ் பிடித்திருக்க வேண்டும். ஏற்கெனவே சில மாதம் இப்படிச் சம்பளம் வாங்கியவர்கள் சீட்டுகளையும் வாலட் பதிவுகளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். குறைவாகத் தரப்பட்ட ஊதியத்தைக் கேட்டு மனு செய்ய 3 ஆண்டு அவகாசம் இருக்கிறது.