இரண்டு வருடம் பாய்மரப் படகில் உலகைச் சுற்றியவர் வீடு திரும்பினால் எப்படி இருப்பார்?

உங்கள் அண்ணன் அடுத்த மாதம் அப்படி ஒரு பயணம் முடிந்து வருகிறார், வீட்டில் என்ன எதிர்பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அப்படி வந்தவன் என்பதால் சொல்கிறேன். முதல் ஒரு மாதம் உடம்பு ஊருக்கு வந்து சேராது. அது தானாகச் சரியாகிவிடும். அவர் இல்லாதபோது வீட்டில் நடந்ததெல்லாம் அவருக்குப் புரிய வேண்டுமே, அதற்குத்தான் நாளாகும்.

எனக்கு ஊர் தலைஞாயிறு பக்கம், காவிரியின் கடைமடை. ஒன்பது வருடம் சரக்குக் கப்பல்களில் ஃபிட்டராக இருந்தேன். அப்புறம் 2017 செப்டம்பரில், பிரான்சில் லா ரொஷேலிலிருந்து கிளம்பிய 14 மீட்டர் படகு ஒன்றில் இன்ஜின் பார்க்கும் ஆளாகச் சேர்ந்தேன். படகின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். அவர், அவர் மனைவி, அவர்கள் மருமகன், நான் என நாலு பேர். கேனரி தீவுகள், பனாமா கால்வாய், டஹிட்டி, ஃபிஜி, டார்வின், மொரீஷியஸ், கேப்டவுன் என்று கிழக்கிலிருந்து மேற்கே சீராக வீசும் வியாபாரக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு மேற்கே மேற்கே போகிற பாதை. 2019 ஜூலையில் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தோம். ஏறத்தாழ 28,000 கடல் மைல். இந்தியப் பாஸ்போர்ட்டோடு ஒவ்வொரு துறைமுகத்திலும் நான் பட்ட விசாப் பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

முதலில் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்தால் தரை ஆடும். குளிக்கக் கண்ணை மூடினால் சுவரைப் பிடிக்கத் தோன்றும். இரண்டு வாரம் எனக்கு அப்படித்தான் இருந்தது. தூக்கம் மூன்று மணி நேரத்துக்கு மேல் வராது, ஏனென்றால் படகில் இரவை மூன்று மூன்று மணி நேர வாட்சாக, அதாவது காவல் முறையாக, பிரித்திருப்பார்கள். அதைவிட முக்கியம், படகில் தூங்கும்போதும் காது தூங்காது. தண்ணீர் உரசும் சத்தம், கயிறு முனகும் சத்தம் எல்லாம் பழகிவிடும். அந்தச் சத்தம் மாறினால்தான் விழிப்பு வரும். ஊருக்கு வந்த மூன்றாம் நாள் ராத்திரி கரண்ட் போனது. ஃபேன் நின்ற அந்த நொடியில் எழுந்து வாசல்வரை ஓடிவிட்டேன், படகின் பாயைப் பார்க்க. அம்மா பயந்துபோய் விளக்கோடு வந்து நின்றார். உங்கள் அண்ணனும் இப்படி எழுந்தால் ஒன்றும் கேட்காதீர்கள். பேசாமல் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

தண்ணீர் விஷயத்திலும் அப்படித்தான். பசிபிக்கில் கலாபகஸ் தீவுகளிலிருந்து மார்க்கேசஸ் தீவுகளுக்கு ஏறத்தாழ 3,000 கடல் மைல். எங்களுக்கு 23 நாள் ஆனது. பாதி வழியில் கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரம் நின்றுவிட்டது, என்னாலும் அதைச் சரிசெய்ய முடியவில்லை. அதிலிருந்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர், குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஊருக்கு வந்த பிறகும் பல் தேய்க்க அரை டம்ளர் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். இன்றும் குழாயைத் திறந்துவிட்டுக் கை கழுவ எனக்கு மனம் வராது.

திரும்பி வருவதைப் பற்றி நடுக்கடலில் நிறைய யோசித்திருக்கிறேன். 1968-ல், தனி ஆளாக எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் முதல் பந்தயம் நடந்தது. ஒன்பது பேர் கிளம்பினார்கள், ஒருவர்தான் முடித்தார். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், 312 நாள். அவருடைய படகு சுஹைலி நம் மும்பையில் கட்டியது. அதே பந்தயத்தில் ஜெயிக்க வாய்ப்பிருந்த பிரெஞ்சுக்காரர் பெர்னார் மொய்தெஸியே, ஐரோப்பாவுக்குத் திரும்பாமல் மறுபடி நன்னம்பிக்கை முனையைத் தாண்டி, 1969 ஜூனில் டஹிட்டியில் போய் இறங்கினார். நாங்கள் டஹிட்டியில் இருந்தபோது அவர் செய்தது எனக்குச் சரியாகவே பட்டது. நடுக்கடல் ராத்திரிகளை விட்டுவிட்டு யார் வருவார்கள் என்றிருந்தது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அந்த எண்ணம் போய்விட்டது. 2018 நவம்பர் 15, ரியூனியன் தீவிலிருந்து டர்பன் போகும் வழி. இரவு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை என் வாட்ச். கடல் அமைதியாக இருந்தது. தென்கிழக்கில் அகத்திய நட்சத்திரம் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் அதைக் கனோபஸ் என்பார், கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியில் அதையும் வைத்துத்தான் படகு இருக்கும் இடம் பார்ப்பார். அகத்தியர் கமண்டலத்தைக் காகம் கவிழ்த்ததால் காவிரி ஓடியது என்று அப்பா சொன்ன கதையை நினைத்துக்கொண்டு சுக்கானைப் பிடித்திருந்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம்மூரில் அப்போது 16-ஆம் தேதி பிறந்திருந்தது. கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்துகொண்டிருந்தது அதே நேரத்தில்தான்.

ஆறு நாள் கழித்து டர்பனில் இறங்கியதும்தான் தெரிந்தது. வீட்டுக்கு லைன் போகவில்லை. திருவாரூரில் இருக்கும் மச்சான்தான் எல்லாரும் பத்திரம் என்றார். அப்பா பேசியது இன்னும் ஒரு வாரம் கழித்து. “கொஞ்சம் காத்து அடிச்சிது தம்பி. வேற ஒண்ணும் இல்ல. நீ பாத்துப் போ” என்றார். நானும் நம்பிவிட்டேன்.

2018 மே மாதம் தாரிணி படகில் நம் கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள் 254 நாளில் உலகைச் சுற்றி கோவா திரும்பியபோது பாதுகாப்பு அமைச்சரே போய் வரவேற்றார். பசிபிக்கில் அந்தச் செய்தி கேட்டு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டேன். நான் திரும்பியது 2019 ஆகஸ்டில், திருச்சியில் விமானம் இறங்கி, பஸ் மாறி மாறி. எங்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்கி நிமிர்ந்தேன். ரோட்டிலிருந்தே எங்கள் வீடு தெரிந்தது. அதற்கு முன் ஒருநாளும் தெரிந்ததில்லை. நடுவில் தாத்தா வைத்த தென்னை 62 மரம் இருந்தது. ஏழுதான் நின்றன, அதிலும் இரண்டுக்கு மண்டையில்லை.

பயணத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அந்த ராத்திரி தாங்கள் எங்கே இருந்தோம் என்றுதான் சொன்னார்கள். கதவுக்கு அம்மியை முட்டுக் கொடுத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்ததாக அத்தை சொன்னார். “காத்து ஒரே அடியா நின்னுபோச்சு, சரி விட்டுடுச்சுன்னு மாட்டைப் பாக்கப் போனேன், அப்புறம் எதிர்ப்பக்கத்துலேருந்து வந்துச்சு பாரு” என்றார் அப்பா. புயலின் கண் கடந்தால் அப்படித்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை. பத்து நாள் கேட்டுக்கொண்டே இருந்தேன். நான் பார்த்த அலைகளைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அந்த வருடம் மேட்டூரில், வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்குத் தண்ணீர் இல்லை, ஆகஸ்ட் 13-ல்தான் திறந்தார்கள். எங்கள் வாய்க்காலுக்கு வந்தபோது செப்டம்பர். தகவல் வந்ததும் நானும் அப்பாவும் மதகடியில் போய் நின்றோம். தண்ணீருக்கு முன்னால் ஒரு விரற்கடை உயரத்துக்குச் சருகும் பதரும் நுரையும் சுருண்டு வந்தன. எறும்புகள் அதன் மேலேறி ஓடின. வெடிப்பு வந்த இடத்தில் தண்ணீர் நின்று, உள்ளே இறங்கி, கொப்புளம் கொப்புளமாகக் காற்றை வெளியே தள்ளிவிட்டு மறுபடி நகர்ந்தது. அப்பா காலை நனைத்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: “அத்தனை நாள் கடல்ல, நல்ல தண்ணிக்கு என்ன தம்பி பண்ணுனீங்க?”

அந்த 23 நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். இருட்டும்வரை மதகடியிலேயே இருந்தோம்.