பெண்கள் வண்டி ஓட்டினால் விபத்து அதிகமா?
கேள்வியில் உள்ள எண்ணத்தைப் புள்ளிவிவரம் ஆதரிக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சாலை விபத்துகளில் உயிரிழக்கும் 25 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ நான்கில் மூவர் ஆண்கள். வண்டி ஓட்டுபவர்களில் ஆண்களே மிகுதி என்பது இதற்கு ஒரு காரணம். ஆனால் அதிவேகமும் மதுவும் ஆண்களிடம் கூடுதலாக இருப்பதையும் மறுப்பதற்கில்லை. சிக்னலில் தடுமாறும் ஸ்கூட்டிக்காரப் பெண்ணைக் கேலி செய்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

பெண்களுக்கான ஆபத்து பெரும்பாலும் பின் இருக்கையில் இருக்கிறது. தலைக்கவசமின்றி ஒருபக்கமாக அமர்ந்து செல்கையில், முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கினால், ஓட்டுபவர் எவ்வளவு நிதானமானவராக இருந்தாலும் கீழே விழ நேரிடும். அதனால்தான் பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி கட்டாயமாக்குகிறது. அழகு கெடுகிறதென்று அதைக் கழற்றிவிடுபவரோ, பெரும்பாலும் முன்னால் அமர்ந்து ஓட்டும் ஆண்தான்.